கையால் செய்யும் ஸ்கிராப்புக் ஆல்பம்: கேள்விகளும் பதில்களும்

மதுரையில் ஆர்டரின் பேரில் ஸ்கிராப்புக் ஆல்பம், அதாவது போட்டோவும் நினைவுப் பொருள்களும் ஒட்டி, குறிப்பெழுதி அலங்கரித்த ஆல்பம், செய்து தருகிறேன். விசேஷம் எதுவானாலும், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பணத்தை முதலில் தாளுக்கும் பசைக்கும் போட்டோ பிரிண்டுக்கும் ஒதுக்குங்கள். மணி, முத்து, ரிப்பன் எல்லாம் மிச்சத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

கோவை, கல்லூரி மாணவி: அக்கா, ஹாஸ்டல் தோழிக்குப் பிறந்தநாள் பரிசாக ஆல்பம் கொடுக்கணும். என்னிடம் 500 ரூபாய்தான் இருக்கு. நடக்குமா?

தாராளமாக நடக்கும்மா. அளவைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆல்பத்தைக் குறைந்த காசில் நிரப்பப் பார்த்தால் பாதிப் பக்கம் வெறிச்சென்று கிடக்கும். 250 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) கறுப்பு அல்லது பழுப்பு அட்டை ஏ4 அளவில் ஐந்து வாங்கி இரண்டாக மடித்தால், ஏ5 அளவில் 20 பக்கம் கிடைத்துவிடும். மடிப்பில் ஊசியால் ஐந்து துளை போட்டு, தடித்த நூலால் தைத்துவிடுங்கள். பைண்டிங் செலவே இல்லை.

போட்டோவில்தான் பணம் கரையும். மொபைலில் இருக்கும் கொலாஜ் வசதியில் நான்கு படங்களை ஒரே 4x6 பிரிண்டில் அடக்குங்கள். வெட்டினால் ஒவ்வொன்றும் 2x3 அங்குலம் வரும். பத்து பிரிண்ட் போட்டாலே 40 படம். ஏ5 பக்கத்துக்கு அந்த அளவு அழகாகப் பொருந்தும்.

கிளிட்டர் ஷீட் வேண்டாம், அது உதிர்ந்து போட்டோவில் கீறல் போடும். அந்தக் காசுக்கு நல்ல பேனா ஒன்று வாங்கி, உங்கள் குழுவில் ஒவ்வொருவரிடமும் அவரவர் கையெழுத்தில் நாலு வரி எழுதி வாங்குங்கள். எனக்குத் தெரிந்து, பரிசு வாங்கியவர்கள் திரும்பத் திரும்பப் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

சேலம்: வளைகாப்பில் தொடங்கி குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை ஒரே ஆல்பமாகச் செய்யணும். ஸ்கேன் படம், வளைகாப்பு வளையல், முதல் மொட்டை முடி எல்லாம் எடுத்து வைத்திருக்கேன். எப்படி ஒட்டுறது?

ஸ்கேன் படத்தை இன்றைக்கே மொபைலில் நேராக, நிழல் விழாமல் படமெடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் அந்தச் சின்னப் படம் பெரும்பாலும் தெர்மல் தாளில் வருவது. அதில் மை கிடையாது, சூடு பட்டுக் கறுத்துத்தான் உருவம் வருகிறது. அதனால் வெயில் பட்டால் மங்கும், பசையும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் வெளுக்கும். சூடு வைத்து லேமினேட் செய்தால் முழுசாகவே கறுத்துப்போகும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கறுப்பு அட்டையோடு திரும்பி வந்து அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். எடுத்த படத்தைப் போட்டோ தாளில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வையுங்கள். அசலை ஒட்டாமல் பட்டர் பேப்பர் உறையில் போட்டு, பின் அட்டையில் ஒரு பை செய்து செருகிவிடுங்கள். பஸ் டிக்கெட், கடை பில் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

கண்ணாடி வளையல் ஆல்பத்துக்குள் வேண்டாம். உடையும், பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கும். வெள்ளைத் துணியில் பரப்பி மேலிருந்து படமெடுத்தால் ஒரு பக்கத்துக்கு அதுவே அலங்காரம். முடியை நன்றாகக் காயவிட்டு, சின்ன உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள்.

பைண்டிங் மட்டும் திருகு வைத்ததாகவோ ரிங் வைத்ததாகவோ இருக்கட்டும். குழந்தை எப்போது குப்புற விழும், எப்போது தவழும் என்று இப்போதே தெரியாதே! தலைப்பு மட்டும் எழுதிப் பக்கங்களைக் காலியாக விட்டு, பிறகு சேர்த்துக்கொண்டே போகலாம்.

திருநெல்வேலி: ஃபெவிகாலே போதாதா?

அட்டைக்கும் மேலட்டைத் துணிக்கும் போதும். போட்டோவுக்கு வேண்டாம், ஈரத்தில் தாள் சுருங்கி அலையலையாகிவிடும். மைதாப் பசை போட்டால் ராமபாணப் பூச்சிக்கு நாமே விருந்து வைத்த மாதிரி. செலோடேப் சில வருடங்களில் மஞ்சளாகிக் கறை விடும். போட்டோவுக்கு ஆசிட் ஃப்ரீ (அமிலம் இல்லாதது) என்று போட்ட இருபக்க டேப், இல்லாவிட்டால் நாலு மூலைக்கும் போட்டோ கார்னர், அதாவது படத்தின் மூலையைச் செருகும் சின்ன முக்கோண உறை. கார்னர் போட்டால் பின்னால் படத்தை வெளியே எடுக்கவும் முடியும்.

தஞ்சாவூர்: அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. வீட்டில் பழைய போட்டோ நிறைய இருக்கு, பல படங்கள் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பத்தில் ஒட்டிப் போயிருக்கு. எடுத்து புது ஆல்பத்தில் ஒட்டலாமா?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்வது பசை தடவிய அட்டைமேல் பிளாஸ்டிக் படலம் மூடிய ஆல்பம். வருடங்கள் போகப் போக அந்தப் பசை இறுகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் கிளப்பினால் மேல்பரப்பு கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்ய மெழுகு பூசாத நூல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். அதைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே செலுத்தி, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக நகர்த்துங்கள். அப்படியும் அசையவில்லையா, விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கை மட்டும் நீக்கிவிட்டு அட்டையோடு ஸ்கேன் செய்யலாம். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் பிரிக்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்வதுதான் நல்லது.

ஸ்கேன் 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போடுங்கள், சின்ன பாஸ்போர்ட் படத்தைக்கூட பெரிதாக்கலாம். ஆல்பத்தில் ஒட்டுவது பிரதிகளைத்தான். அசலை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

பக்கங்களை அடுக்க ஒரு யோசனை. அறுபது முடிந்தால் பிறந்த தமிழ் ஆண்டின் பெயரே திரும்பி வரும். 1966 சித்திரையில் தொடங்கிய பராபவ ஆண்டில் பிறந்தவருக்கு, 2026 சித்திரையில் மறுபடியும் பராபவ. அப்பாவின் பிறந்த ஆண்டுப் பெயரை முதல் பக்கத்திலும், அதே பெயரைக் கடைசிப் பக்கத்திலும் எழுதுங்கள். பள்ளி, முதல் வேலை, கல்யாணம், நீங்கள் பிறந்தது என்று நடுவில் வரும் பக்கங்களுக்கும் அந்தந்த ஆண்டின் தமிழ்ப் பெயரைத் தலைப்பாக்கலாம். அலங்காரமே தேவைப்படாது.

ஒட்டுவதற்கு முன் ஒருநாள் அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா எல்லோரையும் உட்காரவைத்துப் படங்களைக் காட்டிப் பெயர் கேளுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், யாருடைய கல்யாணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான 2பி பென்சில்தான், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் போட்டுவிடும்.

சென்னை: 12x12 அங்குலத்தில் திருகு வைத்த ஆல்பம் செய்தேன். மூடினால் வாய் பிளந்துகொண்டு நிற்கிறது. ஏன்?

முதுகுப் பக்கத்தில் இடம் விடவில்லை. ஒட்டிய படமும் தாளும் சேர்ந்து ஒரு இதழுக்கு 2 மி.மீ. கூடினால், 20 இதழுக்கு 4 செ.மீ. ஆகிவிடுகிறது. திருகு போடும் ஓரத்தில் அந்தக் கனம் இல்லாததால் வாய் திறக்கிறது. அதே அட்டையில் 1 செ.மீ. அகலத் துண்டுகள் வெட்டி, துளை போட்டு, இதழுக்கு இதழ் முதுகோரம் கொடுத்துத் திருகை மாற்றுங்கள். உங்களுடையது திருகு ஆல்பம் என்பதால் இப்போதும் சரி செய்துவிடலாம். பூ, பட்டன் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாற்றி வையுங்கள்.

சென்னை: தாள் எங்கே வாங்கலாம்? நல்ல தாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள், கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து தாள் வகைகள் வரிசையாகக் கிடைக்கும். முதலில் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு தாள் மட்டும் வாங்கிவந்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். மூடாத பாதி மஞ்சளாகியிருந்தாலோ சாயம் போயிருந்தாலோ ஆல்பத்துக்கு ஆகாது. மலிவுத் தாளில் லிக்னின் என்ற மரச்சத்து தங்கியிருக்கும், பழைய செய்தித்தாள் மஞ்சளாகிப் பொடிவதும் அதனால்தான்.

ஈரோடு: வீட்டிலிருந்தே ஆல்பம் செய்து விற்க ஆரம்பித்திருக்கேன். விலை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை மேடம்.

உங்கள் நேரத்துக்கு விலை போடுங்கள். பொருள் செலவை மட்டும் கூட்டி அதன்மேல் கொஞ்சம் வைத்துச் சொல்கிறவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று முடிவு செய்து, பொருள், நேரம், பெட்டி, கூரியர் நான்கையும் கூட்டுங்கள். வாடிக்கையாளர் குறைக்கச் சொன்னால் பக்கத்தைக் குறையுங்கள், தாளின் தரத்தையோ உங்கள் கூலியையோ தொடாதீர்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குவதில் கூச்சமே வேண்டாம். பெயர் வைத்துச் செய்த ஆல்பத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது.

படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். 4x6 பிரிண்ட் தெளிவாக வர 1200x1800 பிக்சலாவது வேண்டும்.

நாகர்கோவில்: மழைக்காலத்தில் எங்கே வைப்பது?

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், ஓதம் ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட அட்டைப் பெட்டியில், பீரோவின் நடுத்தட்டில் படுக்கவைத்து வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள். மழை விட்ட நாளில் நிழலில் பிரித்துக் காற்றாட விடுங்கள்.

மதுரை: இன்ஸ்டாக்ஸ் (எடுத்த உடனே கேமராவிலிருந்து வரும்) படத்தின் வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டு ஒட்டலாமா அக்கா?

வெட்டவே கூடாது. அந்த ஓரத்துக்குள்தான் ரசாயனம் இருக்கிறது, அடுக்குகளும் பிரிந்துவிடும். இன்ஸ்டாக்ஸ் மினி படம் ஓரத்தோடு 86x54 மி.மீ. வரும். அந்த அளவுக்குக் கார்னர் போட்டு முழுசாகச் செருகுங்கள். ஓரம் பிடிக்கவில்லை என்றால் ஸ்கேன் செய்து, பிரதியை வெட்டிக்கொள்ளுங்கள்.