உற்பத்தித் துறை ஆராய்ச்சிக்கு அரசு ஏன் பணம் தருகிறது? லாபம் கம்பெனிக்குத்தானே?

புதிய பொருளையோ செய்முறையையோ உருவாக்கும் ஆராய்ச்சிச் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்பதுதான் இந்த உதவி.

போர்வெல் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் துளைத்தவருக்குத் தண்ணீர் வராவிட்டால் நஷ்டம் முழுக்க அவருக்கு. வந்துவிட்டாலோ, எத்தனை அடியில் தண்ணீர் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவசமாகத் தெரிந்துவிடும். அதனால் எல்லோரும் அடுத்தவர் துளைக்கட்டும் என்று காத்திருப்பார்கள். ஆராய்ச்சியிலும் இதே கதைதான்; அதனால்தான் அரசு செலவில் பங்கேற்கிறது.

பணம் அதிகம் தேவைப்படுவது ஆய்வகத்துக்கும் சந்தைக்கும் நடுவிலுள்ள கட்டத்தில். உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்ட (3D பிரிண்டிங்) பாகம் ஆய்வகத்தில் ஒன்று அருமையாக வரும். நூற்றுக்கணக்கில் அச்சிடும்போது சிலவற்றில் நுண்துளைகள் விழும். திரும்பத் திரும்பச் சுமை ஏற்றினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இதைச் சரிசெய்ய லேசர் வேகம், தூளின் ஈரம், அடுக்கின் தடிமன் என ஒவ்வொன்றாக மாற்றி அச்சிட்டு, சோதித்து, உடைத்துப் பார்க்க வேண்டும். விற்க ஒன்றும் இல்லாத இந்தக் கட்டத்துக்கு வங்கி எளிதில் கடன் தராது. 1949இல் தொடங்கிய ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வுக்கூடங்கள் பெரிதும் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன.

சந்தையை நெருங்க நெருங்க அரசின் பங்கு குறையும். ஐரோப்பிய ஒன்றியப் பொது விதிப்படி, செலவில் அரசு தரக்கூடியது அடிப்படை ஆராய்ச்சிக்கு 100% வரை, தொழில்சார் ஆராய்ச்சிக்கு (புதிய பொருளுக்கோ செய்முறைக்கோ தேவையான அறிவைத் தேடுவது) 50% வரை, சோதனை மேம்பாட்டுக்கு (இருக்கும் அறிவை வைத்து மாதிரி செய்து சோதிப்பது) 25% வரை. சிறு நிறுவனங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கே பலர் சறுக்குவது ஓரிடத்தில்: விண்ணப்பிக்கும் முன்பே வேலையைத் தொடங்கினால் உதவி கிடையாது.

இதைத் தொழிற்சாலை கட்டத் தரும் மானியம் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விற்பனைக்கான வழக்கமான உற்பத்திச் செலவு இதில் சேராது.