விமானத்தில் பயணிகள் மரியாதை இல்லாமல் பேசும்போது பணிப்பெண்கள் எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள்?

கேட்டவர் இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். வெளியாட்களுக்கு இது தோன்றாது. உள்நாட்டு விமானங்களிலும் வளைகுடா வழித்தடங்களிலும் பல வருடங்கள் பறந்தவள் என்பதால் சொல்கிறேன்: பயணி திட்டுவதைத் தாங்கிவிடலாம். திட்டியவர் பக்கம் நிறுவனம் சாய்வதைத்தான் தாங்க முடியாது.

ஒரு ஜனவரி காலை, சென்னையிலிருந்து டெல்லி. அங்கே மூடுபனி. எல்லோரையும் ஏற்றிய பிறகும் புறப்பட அனுமதி வரவில்லை. (அப்படிக் காத்திருக்கும் நேரத்துக்கு எங்களுக்குப் பறப்புப் படி கிடையாது. விமானம் நகர்ந்தால்தான் கணக்கு தொடங்கும்.) இறக்கை ஓரத்து அவசர வழி வரிசையில் ஒருவர் மடிக்கணினிப் பையைக் காலடியில் வைத்திருந்தார். புறப்படும்போதும் இறங்கும்போதும் அங்கே தரையில் எதுவும் இருக்கக் கூடாது. பாதி வழிகள் அடைபட்டாலும் 90 விநாடிக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு விமான வகைக்கே சான்றிதழ் தருகிறார்கள். அந்த வழியில் பையின் வார் ஒருவர் காலில் சிக்கினால் பின்னால் வருகிறவர்களின் கதி என்ன?

"மேலே வைத்துத் தருகிறேன் சார்" என்றேன்.

"டீ கொடுக்கிறவள் எனக்குச் சட்டம் சொல்கிறாயா?" என்று கத்தினார். மறுபடி சொன்னதும் பையை என் மேல் தள்ளினார். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் சீனியர் அக்கா வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "பை மேலே போக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் இறங்க வேண்டும். கேப்டனிடம் சொல்லிவிட்டேன்" என்றார். பை மேலே போனது.

சில நாள் கழித்து அந்த மனிதருக்கு நிறுவனம் மன்னிப்புக் கடிதமும் கட்டணச் சலுகையும் அனுப்பியது. எனக்கு வந்தது, விளக்கம் கேட்டு ஒரு கடிதம்.

"காசு கொடுத்தவன் கோபப்படத்தான் செய்வான்" என்று சிலர் கீழே எழுதுவீர்கள். தாமதத்துக்குக் கோபப்படுவது நியாயம்தான், மறுக்கவில்லை. முகம் சுளிக்கும் பணிப்பெண்களும் உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பிடித்தபோது, அதில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அவர்களை வெளியேற்றியவர்களும் டீ கொடுப்பவர்கள்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் தொழிலாளர்களை முரடர்கள் என்று பேசுகிறார்கள். அடிக்கடி மணி அழுத்துவார்கள், உண்மை. ஆனால் "தங்கச்சி, கொஞ்சம் தண்ணீர்" என்று கேட்டவர்கள் அவர்கள்தான். என்னை அவமதித்தவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள்.

பயணிகளை மட்டும் சொல்வானேன்? சென்னை விமான நிலையத்துக்கு அருகே பல்லாவரம், பம்மல் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குக் கம்பெனி வண்டியில் வந்து இறங்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். அதே வீட்டுக்காரரின் மகன் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால் அது உழைப்பு. இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017 செப்டம்பரில் கொண்டுவந்த விதியைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சால் தொல்லை தந்தால் 3 மாதம் வரை பறக்கத் தடை. தள்ளினாலோ, அடித்தாலோ, தகாத முறையில் தொட்டாலோ 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான செயல் என்றால் குறைந்தது 2 ஆண்டு. புகார் கேப்டன் வழியாகத்தான் போக வேண்டும். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

ஆகவே, தரையிறங்கியதும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இருக்கை எண், நேரம், அவர் சொன்ன வார்த்தைகள், பக்கத்து இருக்கைகளின் எண்கள் எல்லாவற்றையும் அன்றே எழுதிக் கேப்டனிடம் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். என் வேலையைக் காப்பாற்றியது சீனியர் அக்கா அன்று மாலையே எழுதிக் கொடுத்த அறிக்கைதான். உங்கள் சீனியர் அப்படி எழுத மறுக்கிறவராக இருந்தால், வேறு நிறுவனத்துக்கு இப்போதே விண்ணப்பம் போடுங்கள்.