ஈஎஸ்பி32 போர்டில் ரிலேயையும் சென்சாரையும் எந்தப் பின்னில் மாட்டுவது?

மன்னார்குடிப் பக்கம் போர்செட் மோட்டாரை போனிலேயே போட்டு நிறுத்தவும், வயலின் ஈரப்பதம் பார்க்கவும் வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையான 30 பின் ஈஎஸ்பி32 போர்டு வாங்கியிருக்கிறீர்கள். எந்தப் பின்னில் எது என்பது கேள்வி.

நம்ம ஊர் மோட்டார் கொட்டகையில் கரண்ட் போவதும் வருவதும் வழக்கம். வரும்போதெல்லாம் போர்டு புதிதாக பூட் ஆகும், அதாவது முதலிலிருந்து தொடங்கும். அதனால் பூட் ஆகிற அந்த நேரத்தில் ஒரு பின் என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்துவிடும். திரும்ப வந்தாலும் பச்சை பட்டனை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. அது நமக்கிருக்கிற பாதுகாப்பு. பச்சை பட்டனுக்கு இணையாகக் கட்டிய ரிலேயை (போர்டின் சிக்னலால் இயங்கும் ஸ்விட்ச்) 5, 14, 15 ஆகிய பின்களில் மாட்டினால் அது போச்சு. பூட் ஆகும்போது இவை கொஞ்ச நேரம் சிக்னல் விடும். ரிலே ஒருமுறை டக்கென்று அடித்தாலே மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும், பக்கத்தில் யார் கை வைத்திருந்தாலும்.

12ஆம் பின் வேறு வகைத் தொல்லை. பூட் ஆகும்போது அதில் ஹை (3.3 வோல்ட் பக்கம்) இருந்தால், பிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் எடுத்துக்கொள்ளும், போர்டு எழுந்திருக்காது. சந்தையில் கிடைக்கிற ஆக்டிவ் லோ (சிக்னல் கீழே இறங்கினால் இயங்கும்) ரிலே மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது உள்ளீட்டு வயரை மேலே இழுத்தே வைத்திருக்கும். ரிலேயைக் கழற்றினால் வேலை செய்கிறது, மாட்டினால் செத்துப்போகிறது என்று பலர் புலம்புவது இதனால்தான்.

ரிலேக்கு 25, 26 எடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்று போடும் பச்சை பட்டனுக்கு, இன்னொன்று நிறுத்தும் சிவப்பு பட்டனுக்கு. சிவப்பு பட்டனோடு தொடராக வரும் ரிலேயில் என்.சி. முனையை (ரிலே இயங்காதபோது மூடியிருக்கும் முனை) பயன்படுத்துங்கள், போர்டு பழுதானாலும் கையால் மோட்டார் போடலாம். ஸ்டார்ட்டருக்குள் கை வைப்பதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஈரப்பத சென்சார் 34இல். ஏறி இறங்கும் வோல்ட்டை (அனலாக்) அளக்கிற பகுதிதான் ஏடிசி, அதில் இரண்டு குழு. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் அனலாக் படிக்காது, 32 முதல் 39 வரையிலான ஏடிசி1தான் கதி. 34உம் அதற்கு மேல் உள்ளவையும் உள்ளீட்டுக்கு மட்டும். உள்ளே புல்அப்பும் (பின்னை ஹையிலேயே பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. இவற்றில் தொட்டி மிதவை ஸ்விட்ச் மாட்டினால், பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரை வெளியில் போடுங்கள். எந்தப் பின்னுக்கும் 5 வோல்ட் சிக்னல் ஆகாது.

போர்டில் விபி என்றிருப்பது 36, விஎன் 39. ஆர்எக்ஸ்2 என்பது 16, டிஎக்ஸ்2 என்பது 17. ஜிஎஸ்எம் மாட்யூல் (சிம் கார்டு போடுவது) பின்னால் சேர்ப்பதாக இருந்தால் இந்த இரண்டையும் விட்டுவையுங்கள்.

அப்புறம், ஜம்பர் வயர் மேசைக்குத்தான் சரி. கொட்டகை ஈரத்திலும் மோட்டார் அதிர்விலும் அது கழன்றுவிடும். ஸ்க்ரூ டெர்மினல் உள்ள அடிப்பலகை வாங்குங்கள். 38 பின்னுக்கு மட்டுமானதைத் தந்துவிடப் போகிறார்கள், உங்கள் போர்டு அதில் உட்காராது.