கிரேடு மூன்று, ஸ்டேஜ் இரண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புற்றுநோய் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இப்போது அது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. என் அக்காவுக்கு 52 வயது. இடது மார்பில் கட்டி. வலி இல்லையே என்று சில மாதங்கள் சும்மா இருந்துவிட்டாள். மாமோகிராமில் பைராட்ஸ் 5 (புற்றாக இருக்கவே அதிக வாய்ப்பு) என்று வந்தது. ஊசி வழியாக பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: இன்வேசிவ் கார்சினோமா, கிரேடு 3 (3+3+2), ஈ.ஆர். 80 சதவீதம், பி.ஆர். 30 சதவீதம், ஹெர்-2 இரண்டு பிளஸ், கேஐ-67 40 சதவீதம். அல்ட்ராசவுண்டில் கட்டி 3.2 செ.மீ. அக்குளில் ஒரு நெறிக்கட்டியிலும் புற்றணுக்கள் இருக்கின்றன.

டாக்டர் ‘ஃபிஷ்’ என்று இன்னொரு சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வர பத்து நாள் ஆகுமாம். அது வந்த பிறகும் முதலில் ஆபரேஷன் இல்லை, கீமோவாக இருக்கலாம் என்கிறார். வீட்டில் பெரியவர்கள் கொதிக்கிறார்கள். “ஊசி குத்திக் கிளறிவிட்டாச்சு, இனி பரவத்தான் செய்யும், உடனே எடுத்துவிட வேண்டும்” என்கிறார்கள். தெரிந்த சர்ஜன் ஒருவர் நாளை மறுநாளே எடுத்துவிடலாம் என்கிறார். கிரேடு 3 என்றால் மூன்றாம் கட்டம்தானே? பெட் ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை? காத்திருப்பதில் நோய் முற்றிவிடாதா? எனக்கு 47 வயது. நான் ஏதாவது சோதனை செய்துகொள்ள வேண்டுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நாளை மறுநாள் ஆபரேஷன் வேண்டாம். ஃபிஷ் முடிவு வரட்டும். உங்கள் அக்காவின் டாக்டர் சரியான வரிசையில்தான் போகிறார்.

முதலில் ஊசி. மார்புக் கட்டிக்கு வழக்கமாகப் பயன்படுவது 14 கேஜ் ஊசி, சுமார் 2 மி.மீ. தடிமன். தோலை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே நான்கைந்து நூல் போன்ற துண்டுகளை எடுப்பார்கள். ஊசி போன தடத்தில் சில அணுக்கள் இடம்பெயர்வதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை பெரும்பாலும் அங்கேயே மடிந்துவிடுகின்றன. அதனால் நோய் திரும்புவதோ ஆயுள் குறைவதோ மார்புப் புற்றில் காணப்படவில்லை. பிற இடத்துக்குப் பரவும் திறனை புற்றணு தன் மரபணு மாற்றங்களால் பெறுகிறது, ஊசியால் அல்ல.

இந்த பயம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. ஸ்கேன் வசதி இல்லாத காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்து, எங்கும் பரவியிருப்பதைக் கண்டு அப்படியே மூடி அனுப்புவார்கள். நோயாளி சில மாதங்களில் இறந்துபோவார். பழி கத்தியின் மேல் விழுந்தது.

ஆனால் ஊசி போடக்கூடாத இடங்கள் உண்டு. விரைப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் ஊசி குத்துவதில்லை, கவட்டை வழியாக விரையையே எடுத்துச் சோதிப்பார்கள். சூலகத்துக்குள் மட்டும் அடங்கியிருக்கும் கட்டியையும் குத்துவதில்லை, உடைந்து வயிற்றுக்குள் சிந்திவிட்டால் நோயின் கட்டம் கூடிவிடும். எலும்பில் வரும் சார்கோமா என்ற புற்றில் பயாப்ஸி எடுத்த தடத்தையும் பிறகு சேர்த்து அகற்ற வேண்டும், ஆகவே இறுதி ஆபரேஷனைச் செய்யப்போகும் குழுவே ஊசியையும் போட வேண்டும். கல்லீரல் இறுகிப்போனவருக்கு (சிரோசிஸ்) ஸ்கேனில் குறிப்பிட்ட தோற்றம் தெரிந்தால் ஊசியே இல்லாமல் கல்லீரல் புற்று என்று முடிவுசெய்யலாம். மார்பு இந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்தது கிரேடும் ஸ்டேஜும். நோயாளிகளின் வீட்டில் அதிக அழுகைக்குக் காரணமான குழப்பம் இதுவாகத்தான் இருக்கும். கிரேடு என்பது அணுக்களின் தோற்றம். பெத்தாலஜிஸ்ட் (திசுவைச் சோதிக்கும் டாக்டர்) மூன்று விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார்: இயல்பான சுரப்பிகளைப் போலக் குழாய் வடிவம் எவ்வளவு மிச்சமிருக்கிறது, அணுக்கருக்கள் எவ்வளவு கோணல்மாணலாக இருக்கின்றன, பிரிந்துகொண்டிருக்கும் அணுக்கள் எத்தனை. கூட்டுத்தொகை 3 முதல் 5 வரை கிரேடு 1, 6 அல்லது 7 கிரேடு 2, 8 அல்லது 9 கிரேடு 3. அக்காவுக்கு 3+3+2, அதாவது 8. வேகமாக வளரும் வகை என்று பொருள். கீமோவுக்கு நன்றாக மசிவதும் பெரும்பாலும் இந்த வேகமான வகைதான்.

ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கணக்கு. டி, என், எம் என்று மூன்று எழுத்துகள். கட்டி 2 செ.மீ.க்கு மேல், 5 செ.மீ.க்குள் இருப்பதால் டி2. அக்குளில் நெறிக்கட்டி அசையும்படி இருந்தால் என்1. வேறு உறுப்புகளில் இல்லையென்றால் எம்0. இவை சேர்ந்தால் 2பி. ஆக, கிரேடு மூன்று, ஸ்டேஜ் இரண்டு. இன்னொரு டாக்டர் வேறு எண் சொன்னாலும் திகைக்க வேண்டாம். ஸ்டேஜ் விதிநூலின், 2018 முதல் நடைமுறையில் இருக்கும் எட்டாம் பதிப்பில் கிரேடு, ஈ.ஆர்., பி.ஆர். (இவை இரண்டும் புற்றணுவில் இருக்கும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 ஆகியவற்றையும் சேர்த்து இன்னொரு கணக்கு போடுகிறார்கள். ஒரே நோயாளிக்கு இரண்டு எண்கள் வரலாம், இரண்டும் சரியாகவே இருக்கலாம். எந்தக் கணக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி காத்திருப்பு. ஹெர்-2 என்பது அணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம், வளர்ச்சிக்கான சமிக்ஞையை வாங்கி உள்ளே அனுப்புவது. அதன் அளவைச் சாயமேற்றிப் பார்த்து 0, 1, 2, 3 பிளஸ் என்று குறிப்பார்கள். 0, 1 என்றால் நெகடிவ். 3 என்றால் பாசிடிவ். 2 என்றால் சொல்ல முடியவில்லை என்று பெத்தாலஜிஸ்ட் நேர்மையாகக் கையை விரிக்கிறார். அப்போதுதான் ஃபிஷ். ஒளிரும் சாயத்தால் அந்த மரபணுவின் பிரதிகளை அணுக்கருவுக்குள்ளேயே எண்ணுகிறார்கள். அந்த மரபணு உட்கார்ந்திருக்கும் 17ஆம் குரோமோசோமையும் எண்ணி, இரண்டுக்கும் உள்ள விகிதம் 2 அல்லது அதற்கு மேலும், ஓர் அணுவுக்குச் சராசரிப் பிரதிகள் 4 அல்லது அதற்கு மேலும் இருந்தால் பாசிடிவ்.

இந்த ஒரு விடை சிகிச்சையின் வரிசையையே மாற்றிவிடும். பாசிடிவ் என்றால், இந்த அளவுக் கட்டிக்கும் அக்குளில் நோய் இருப்பதற்கும் வழக்கமான பாதை இது: மூன்று வாரத்துக்கு ஒரு முறை என ஆறு சுற்று கீமோ, கூடவே ஹெர்-2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப். பிறகு ஆபரேஷன். ஹெர்-2 மருந்து மொத்தம் ஓராண்டு தொடரும். ஆபரேஷனில் எடுத்த திசுவில் புற்று அடியோடு மறைந்திருந்தால் மிக நல்ல அறிகுறி. மிச்சம் இருந்தாலும் வழி இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு மீதி மாதங்களுக்கு மருந்தை, டிராஸ்டுசுமாபோடு கீமோ மருந்தை இணைத்த டிராஸ்டுசுமாப் எம்டான்சைனாக மாற்றினால் நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் மருந்துக்கு அது கரைகிறதா இல்லையா என்று பார்க்க வழியே இல்லை. நாளை மறுநாள் ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்வதன் முதன்மைக் காரணம் இதுதான்.

நெகடிவ் என்றால் பேச்சு வேறு. ஈ.ஆர். 80 சதவீதம் என்பதால், ஃபிஷ் முடிவு எதுவானாலும், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை உறுதி. கீமோ முன்பா, பின்பா, தேவையா என்பதெல்லாம் அக்காவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டதா, எத்தனை நெறிக்கட்டிகளில் நோய் என்பதைப் பொறுத்தது. மாதவிடாய் நின்றவர்களில், ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டிகள் வரை நோய் இருந்தால், கட்டியின் மரபணுச் சோதனை செய்து சிலருக்குக் கீமோவையே தவிர்க்க முடிகிறது. கேஐ-67ஐ மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்யாதீர்கள். பிரிந்து பெருகும் நிலையிலுள்ள அணுக்களின் சதவீதம் அது, லேபுக்கு லேப் மாறும்.

பத்து நாளில் முற்றிவிடாதா என்றால், 3 செ.மீ. கட்டி போன மாதம் முளைத்ததல்ல, ஆண்டுக்கணக்கில் வளர்ந்திருக்கும். இரண்டு மூன்று வாரம் சோதனைக்குப் போவதால் சேதம் இல்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் சேதம். நாள், மணி என்று ஓட வேண்டிய புற்றுகளும் உண்டு: திடீரென வரும் ரத்தப் புற்றுநோய், பர்கிட் லிம்போமா (மிக வேகமாக வளரும் நிணநீர்ப் புற்று), முதுகுத் தண்டை அழுத்தி கால் செயலிழக்க வைக்கும் கட்டி. அக்காவுடையது அவற்றில் சேராது.

அவசர ஆபரேஷனில் வேறு என்னென்ன கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘சும்மா ஒரு கட்டி’ என்று தோண்டி எடுக்கும்போது ஓரங்களில் நோய் விட்டுப்போகும். எடுத்த திசுவுக்கு மேல், கீழ், உள்பக்கம், வெளிப்பக்கம் என்று நூல் கட்டி அடையாளம் வைத்திருக்க மாட்டார்கள். விட்டுப்போனது எந்தப் பக்கம் என்றே பிறகு தெரியாது. திசுவை வெறும் உப்புநீரில் போட்டு அனுப்புவது இன்னும் மோசம். 10 சதவீத ஃபார்மலினில், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். இல்லாவிட்டால் ஈ.ஆர்., ஹெர்-2 முடிவுகளை நம்ப முடியாது. ஈ.ஆர். பொய்யாக நெகடிவ் என்று வந்தால் ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் பயன் தரக்கூடிய மாத்திரையே கிடைக்காமல் போகும்.

இரண்டாம் கருத்து கேட்க விரும்பினால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இன்னொரு முறை ஊசி குத்த வேண்டியதில்லை. பயாப்ஸித் துண்டு மெழுகில் பதித்த பிளாக்காக லேபில் இருக்கும், பல ஆண்டுகள் கெடாது. ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கையெழுத்திட்டு வாங்கி இன்னொரு பெத்தாலஜிஸ்டிடம் கொடுக்கலாம். ரிப்போர்ட்டின் நகலை மட்டும் கொண்டுபோனால் அவரும் அதையே திருப்பிப் படிக்கத்தான் முடியும்.

பெட் ஸ்கேன் இரண்டாம் கட்டத்தில் எல்லோருக்கும் கட்டாயமல்ல. அக்குளில் நோய் இருப்பதால் சிகிச்சைக்கு முன் ஒரு முறை உடலைப் பார்த்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயம். மார்பு, வயிறு சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். ஒரு எச்சரிக்கை: பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல. காசநோயும் சாதாரண அழற்சியும்கூட ஒளிரும். ஒரே ஒரு புள்ளியை வைத்து நான்காம் கட்டம் என்று யாராவது சொன்னால், முடிந்த இடமென்றால் அதையும் ஊசியால் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கீமோ முதலில் என்று முடிவானால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில. கட்டிக்குள்ளும் நோயுள்ள நெறிக்கட்டிக்குள்ளும் சின்ன உலோகக் கிளிப் வைப்பார்களா? கட்டி முழுவதும் கரைந்துவிட்டால் சர்ஜனுக்கு எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டுமே. பலரும் மறந்துவிடுவது இது. ஹெர்-2 மருந்து என்றால் தொடங்கும் முன் எக்கோ, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஏனென்றால் அந்த மருந்து இதயத்தின் பம்ப் செய்யும் திறனைக் குறைக்கலாம். ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனையும் வேண்டும். உறங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் கீமோவின்போது எழுந்து கல்லீரலைத் தாக்கும், முன்பே தெரிந்தால் மாத்திரையால் தடுத்துவிடலாம். நாட்டு மருந்தோ கஷாயமோ எடுத்துக்கொண்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். கீமோ ஏறிய பிறகு ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கக்கூடாது, நள்ளிரவானாலும் மருத்துவமனை. முடி கொட்டுவதற்கு எல்லோரும் தயாராகிறார்கள், இதற்குத் தயாராவதில்லை.

மார்பை முழுதாக எடுத்தால்தான் பாதுகாப்பு என்பதும் பழைய எண்ணம். கட்டியை மட்டும் நல்ல ஓரத்தோடு எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதும் மார்பை முழுதாக எடுப்பதும் ஆயுளில் சமமே என்று, 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்று மிலானிலிருந்தும் ஒன்று அமெரிக்காவிலிருந்தும், 2002இல் வெளிவந்தன. எது தனக்கு வேண்டும் என்பதில் அக்காவின் சொல்லுக்கும் இடமிருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் முடிவுசெய்யும் விஷயமல்ல.

ஹார்மோன் மாத்திரை குறைந்தது ஐந்து ஆண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் போன்றவை, அதற்கு எலும்பு அடர்த்தியைக் கவனிக்க வேண்டும். சிகிச்சையின் மற்ற பகுதிகளை முடித்தவர்களிலும் பலர் இதை மூட்டுவலி, உடல் சூடு என்று நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். பொறுக்க முடியாவிட்டால் மருந்தை மாற்றச் சொல்லலாம், தாமாக நிறுத்தக்கூடாது.

உங்களைப் பற்றி. மரபணுச் சோதனை தேவையா என்பது குடும்பத்தில் வேறு யாருக்கு, எந்த வயதில் மார்பு அல்லது சூலகப் புற்று வந்தது என்பதைப் பொறுத்தது. தேவையென்றால் முதலில் செய்ய வேண்டியது அக்காவுக்குத்தான். அவரிடம் பிஆர்சிஏ போன்ற மரபணுவில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால், உங்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். நீங்கள் இதுவரை மாமோகிராம் எடுக்கவில்லையென்றால் இப்போது எடுத்துவிடுங்கள். அது இயல்பு என்று வந்த பிறகும் புதிதாகக் கட்டியோ, காம்பு உள்ளிழுப்போ, காம்பில் ரத்தக் கசிவோ, தோலில் ஆரஞ்சுத் தோல் போன்ற குழிகளோ தெரிந்தால் போன மாதத்து ரிப்போர்ட்டை நம்பி உட்கார வேண்டாம். அடர்த்தியான மார்பில் மாமோகிராம் சில கட்டிகளைத் தவறவிடும். அப்போது அல்ட்ராசவுண்டும், தேவையென்றால் அதே 14 கேஜ் ஊசியும்.