அக்ரிலிக் நூலில் பின்னினால் மட்டமா?

கேள்வி: எங்கள் ஊரில் பின்னல் வேலையில் ஆர்வமுள்ள பெண்கள் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவோம். பெங்களூரில் இருக்கும் என் தங்கையின் குழந்தைக்காக அக்ரிலிக் நூலில் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வை ஒன்று பின்னி எடுத்துச் சென்றேன். வெளிநாட்டிலிருந்து மெரினோ கம்பளி நூல் வரவழைத்துப் பின்னும் மூத்த அம்மா ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நூலா, பிளாஸ்டிக்கா? இவ்வளவு உழைப்பையும் இதிலா கொட்டினாய்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அதன்பிறகு நான் அங்கே போகவில்லை. ஊசியைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. மெரினோ நூல் வாங்க எனக்கு வசதியில்லை. பின்னுவதையே விட்டுவிடவா?
— வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, விட வேண்டாம். போர்வையைத் தங்கைக்கு அனுப்பிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் அனுப்பாமல் இருந்தால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண் கண்ணி கண்ணியாகப் பின்னியதை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டும் உரிமை, எவ்வளவு நூலறிவு இருந்தாலும் யாருக்கும் கிடையாது. ஆனால் அந்த அம்மா பேசிய விதத்தை ஒதுக்கிவிட்டு, பேசிய விஷயத்தை மட்டும் பார்ப்போம். நூலைப் பற்றி நீங்கள் தெளிவாக இருந்தால் அடுத்த முறை யாரும் உங்களை அசைக்க முடியாது.

அக்ரிலிக் பெட்ரோலியத்திலிருந்து வருவது; 1950 வாக்கில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செயற்கை இழை. கம்பளிக்கு இருக்கும் குணங்கள் அதற்கு இல்லை என்பதும் உண்மைதான். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அக்ரிலிக் ஈரத்தை அநேகமாக வாங்குவதே இல்லை. அதனால் வெயில் காலத்தில் உடம்போடு ஒட்டிப் புழுங்கும்.

இப்போது உங்கள் தங்கையின் வீட்டை நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையின் போர்வையில் பால் சிந்தும், மூத்திரம் படும். அவர் அதை வாஷிங் மெஷினில்தான் போடுவார். பதப்படுத்தாத கம்பளியைச் சுடுநீரில் போட்டு அலசினால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, கண்ணிகளே தெரியாமல் இறுகி, போர்வை பாதியாகச் சுருங்கித் தடித்துவிடும். பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. மெஷினில் துவைக்கலாம் என்று விற்கப்படும் மெரினோ இருக்கிறதே என்றால், அதைப் பதப்படுத்தும் பரவலான முறையில், கம்பளி இழையின் மேல் இருக்கும் நுண்ணிய செதில்களைக் குளோரினால் மட்டுப்படுத்தி, மேலே பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த செயற்கைப் பாலிமர் பூச்சு கொடுக்கிறார்கள். விலை உயர்ந்த நூலைத் தூய்மையின் அடையாளமாகத் தூக்கிப் பிடிப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

டென்மார்க்கில் 2013-இல் ஒரு முயற்சி தொடங்கியது. குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைகளின் கைக்குள் வைப்பதற்காகத் தன்னார்வலர்கள் குரோஷாவில் சின்னஞ்சிறு ஆக்டோபஸ் பொம்மைகள் பின்னிக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்ட நூல் முழுப் பருத்தி. காரணம், அதை 60 டிகிரி சுடுநீரில் துவைக்கலாம் என்பதுதான். யாருக்காக, எங்கே பயன்பட, யார் துவைக்க என்று பார்த்து நூல் எடுப்பவர்தான் என் கண்ணில் தேர்ந்த கைவேலைக்காரர். நீங்கள் செய்ததும் அதையே.

குரோஷாவையே ஒரு காலத்தில் இப்படித்தான் பார்த்தார்கள். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, ஏழைப் பெண்கள் சாதாரணப் பருத்தி நூலில் குரோஷா லேஸ் பின்னி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். விலை உயர்ந்த வெனிஸ் லேஸின் போலி என்று அதைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. இன்று அதே வேலைப்பாடு அருங்காட்சியகங்களில் இருக்கிறது.

அக்ரிலிக்கில் நான் உங்களை எச்சரிக்க வேண்டியது இரண்டு. முதலாவது நெருப்பு. ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கம்பளி முடி கருகும் வாடையுடன் பொசுங்கி, பெரும்பாலும் தானே அணையும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கறுத்த கெட்டி உருண்டையாக மிஞ்சும். அந்த உருகல் தோலில் ஒட்டினால் புண் ஆழமாகும். அதனால் சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது. போர்வையும் அடுப்பருகே போக வேண்டாம். கடையில் ‘உல்லன்’ என்று தரும் நூல் உண்மையில் எது என்று அறியவும் இந்தச் சோதனை உதவும். அடுத்தது, துவைக்கும்போது அது உதிர்க்கும் நுண்ணிழைகள். 2016-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று கணக்கிட்டார்கள். தங்கையிடம் தேவைப்படும்போது மட்டும், குளிர்ந்த நீரில், மெஷின் நிறையத் துணி போட்டுத் துவைக்கச் சொல்லுங்கள்.

திருச்சி வெயிலுக்கு அடுத்ததாகப் பருத்தி நூலில் ஏதாவது பின்னிப் பாருங்கள். மெரினோவைவிட விலை மிகக் குறைவு. மறுபடி அந்தக் கூட்டத்துக்கும் போங்கள். அந்த அம்மாவிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும், கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நூலைப் பற்றி மறுபடி ஏதாவது சொன்னால், “மெஷினில் துவைக்க வேண்டிய போர்வை அம்மா, அதனால்தான் இந்த நூலை எடுத்தேன்” என்று சொல்லிவிட்டு, விட்ட வரிசையைத் தொடருங்கள். அதற்கு மேல் நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.