புவிவெப்ப மின் திட்டங்களில், மனிதர்களால் உணரக்கூட முடியாத சிறு நில அதிர்வுகளை ஏன் கண்காணிக்கிறார்கள்?

நில அதிர்வுப் பதிவுகளைப் படித்துப் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

இயற்கையாக வெந்நீர் கிடைக்காத இடங்களில், நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள சூடான கிரானைட் பாறைக்குள் உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, அதிலுள்ள பழைய விரிசல்களைச் சற்றே நழுவவைத்து, நீர் ஓட வழி உண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு நழுவலும் ஒரு குட்டி நிலநடுக்கம். ஆகவே அதிர்வே பதிவாகவில்லை என்றால் பெரும்பாலும் வேலையே நடக்கவில்லை என்றுதான் பொருள். நீர் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டிக்கொடுப்பதும் இவ்வதிர்வுகளே.

நகரத்து இரைச்சலில் இவை மூழ்கிவிடும் என்பதால், அதிர்வுமானிகளையும் ஆழ்துளைகளுக்குள் இறக்கிவிடுகிறார்கள். பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதன்மை அலையின் சிறு துள்ளலும், அரை விநாடி கழித்து இரண்டாம் அலையின் பெரிய துள்ளலும் தெரியும். கிரானைட்டில் முன்னது விநாடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ., பின்னது 3.5 கி.மீ. வேகத்தில் செல்வதால், அந்த அரை விநாடிக்கு நான்கு கிலோமீட்டர் தொலைவு என்று கணக்கு. பல கருவிகளில் இவ்வாறு அளந்தால் நழுவிய இடம் பிடிபட்டுவிடும். (இப்போது இதைக் கணினியே செய்கிறது, கையால் குறித்துப் பழகியவர்களுக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.)

அதிர்வின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்பதே என் கருத்து. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பர் 2 அன்று நீரேற்றம் தொடங்கியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என போக்குவரத்து விளக்கு போன்ற எச்சரிக்கை முறை அங்கே இருந்தது. 8ஆம் தேதி 2.6 அளவு அதிர்வு வந்ததும் பம்புகளைப் படிப்படியாக நிறுத்தியும்விட்டார்கள். ஆனால் ஏறிய அழுத்தம் பாறைக்குள் பரவிக்கொண்டேயிருந்ததால், நிறுத்திச் சுமார் ஐந்து மணி நேரம் கழித்து 3.4 அளவு அதிர்வு வந்தது. 2009இல் திட்டம் கைவிடப்பட்டது.

தென்கொரியாவின் போஹாங்கில் நடந்தது இதைவிடக் கொடியது. 2017 நவம்பரில் அங்கு 5.5 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தூண்டியது நீரேற்றமே என்று 2019இல் அரசு அமைத்த குழு அறிவித்தது. சிறு அதிர்வுகளின் இடங்களைப் பின்னர் துல்லியமாகக் கணக்கிட்டபோது, அவை ஒரே தளத்தில் அடுக்கியதுபோல் அமைந்து, யாரும் அறியாதிருந்த நிலப்பிளவு ஒன்றைக் காட்டின.

பின்லாந்தின் ஹெல்சின்கி அருகே 2018இல், ஆறு கிலோமீட்டர் ஆழத்தில், 49 நாள்களில் சுமார் 18,000 கனமீட்டர் நீர் செலுத்தினார்கள். அதிர்வுகளின் இடத்தையும் ஆற்றலையும் உடனுக்குடன் கணித்து, அதற்கேற்ப பம்பின் வேகத்தைக் குறைத்தும் ஓய்வு கொடுத்தும் ஓட்டியதால், மிகப் பெரிய அதிர்வு 1.9 அளவோடு நின்றது. அவர்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பு 2.1. அந்த 1.9கூடச் சிலருக்கு இடிமுழக்கம் போலக் கேட்டிருக்கிறது.