வயிற்று வலி என்று போனால் "எத்தனை முறை கர்ப்பம்" என்று ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: அடிவயிற்று வலிக்காக கைனகாலஜி டாக்டரைப் பார்க்கப் போனேன், அதற்கு முன்னால் ஒரு நர்ஸ் உட்கார வைத்து இருபது நிமிடம் சம்பந்தமே இல்லாத கேள்வியாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

அந்த நர்ஸ் வேலையைத்தான் நான் பார்க்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், 11 வருடமாக. இருபது நிமிடம் கிடைத்ததா, கொடுத்து வைத்தவர் என்றுதான் முதலில் தோன்றியது. எங்கள் ஓபியில் திங்கட்கிழமை ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

சம்பந்தமில்லாத கேள்வி என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முப்பது வயதுகூட இருக்காது, ஒரு பெண் ஒருபக்க அடிவயிற்று வலி என்று வந்தாள். கூட மாமியார். மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று நான் கேட்டது அவளிடம், பதில் வந்தது மாமியாரிடமிருந்து. "அவளுக்கு மாசாமாசம் டாண்ணு வந்துரும் மக்களே. பிள்ளை நிறுத்த ஆப்பரேஷனும் பண்ணியாச்சி." நானும் அப்படியே எழுதி உள்ளே அனுப்பிவிட்டேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு, மாமியார் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து பில் கட்ட அனுப்பினார். கதவு சாத்தியதும் அதே கேள்வியை அவளிடம் மறுபடி கேட்டார். இந்தத் தடவை பத்து நாள் தள்ளிப் போனது, வந்ததும் சொட்டுச் சொட்டாக, கறுப்பாக, வழக்கமான மாதிரியே இல்லை என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு. ஸ்கேனில் பார்த்தால் கரு கருப்பையில் இல்லை, கருக்குழாயில். குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன் தவறுவது அபூர்வம், ஆனால் தவறிக் கரு உண்டானால் அது குழாயில் தங்கிவிடும் ஆபத்து அதிகம். வெடிப்பதற்கு முன்னால் தியேட்டருக்குப் போய்விட்டாள், பிழைத்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு டாக்டரிடம் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது. நியாயமான திட்டுதான்.

தேதி கேட்பதிலேயே ஏகப்பட்ட சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க" என்றுதான் நாசூக்காகக் கேட்போம். அவர்களும் சரியாகக் குளித்த நாளையே சொல்வார்கள், அதாவது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ. எங்களுக்கு வேண்டியது உதிரம் பட ஆரம்பித்த முதல் நாள். அதனால் இப்போதெல்லாம் "முதல்ல பட்டது என்னைக்கு" என்றே கேட்டுவிடுகிறேன். தேதி நினைவில்லை என்பவர்களிடம் காலண்டரை நீட்டிப் பிரயோஜனமில்லை, திருவிழாவைக் கேட்கவேண்டும். மண்டைக்காட்டுக் கொடைக்கு முன்னாலயா பின்னாலயா? கோட்டாறு சவேரியார் திருவிழா முடிஞ்ச அன்னைக்கு என்று ஒருத்தி சொன்னால் அது டிசம்பர் 3, மாவட்டத்துக்கே லீவு நாள், மறக்காது. கர்ப்பம் என்றால், அதோடு ஏழு நாள் கூட்டி மூன்று மாதம் கழித்தால் பிரசவ நாள் அடுத்த வருடம் செப்டம்பர் 10 வாக்கில் வரும். ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. நாற்பது நாளைக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு ஆரம்பத்தில் எடுத்த ஸ்கேன்தான் நம்பிக்கை.

அடுத்தது அளவு. "சாதாரணமாத்தான் போகுது" என்ற பதிலை நான் நம்புவதே இல்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான் போயிருக்கும், அதனால் அதுவே அந்த வீட்டில் சாதாரணம். ஒரு நாளைக்கு எத்தனை பேடு, துணி வைக்கிறவர் என்றால் எத்தனை முறை மாற்றுகிறார், ராத்திரி அதற்காக எழுந்திருக்கிறாரா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுகிறதா, இப்படிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். சமைந்த நாளிலிருந்தே இப்படித்தான் கொட்டுகிறது, பல் பிடுங்கினாலும் ரத்தம் நிற்காது என்று ஒரு பிள்ளை சொன்னால் கோளாறு கருப்பையில் இல்லாமல் ரத்தம் உறைவதிலேயே இருக்கலாம். சம்பந்தமே இல்லாத பல்லைப் பற்றி ஏன் கேட்டோம் என்று அப்போது புரியும்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. "எத்தனை பிள்ளைங்க" என்று கேட்டால் "ரெண்டு" என்பார்கள். "எத்தனை தடவை முழுகாம இருந்தீங்க" என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது, அப்புறம் விரலை மடக்க ஆரம்பிப்பார்கள். கலைந்தது ஒன்று, கலைத்தது ஒன்று, பிறந்து மூன்றாம் நாள் போனது ஒன்று. கலைந்ததும் கர்ப்பக் கணக்கில்தான் சேரும். ரத்த வகை நெகட்டிவ் உள்ளவர் என்றால் அந்தக் கலைந்த கர்ப்பத்தின்போது அதற்கென்று உள்ள ஆன்டி-டி ஊசி போட்டார்களா இல்லையா என்பது அடுத்து வரப்போகிற குழந்தையின் உயிர் விஷயம்.

மருந்து பற்றிக் கேட்டால் "ஒண்ணும் சாப்பிடல" என்பார்கள். பையைத் திறந்தால் தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு கொடுக்கும் டாமாக்சிஃபென் கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும், அதையும் "அது வேற டாக்டர் தந்தது" என்று விட்டுவிடுவார்கள். கோயில் கொடைக்குப் போக நாள் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரையை மருந்து என்று ஒருவரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது ஓடி வருவார்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு கவரில் போட்டுக் கொண்டு வாருங்கள், பெயர் சொல்லத் தெரிய வேண்டாம்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழிந்து ஒரு சொட்டுப் பட்டாலும் வந்து சொல்லுங்கள். "திரும்பவும் வயசுக்கு வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே ஆறு மாதம் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் கருப்பைப் புற்றுநோய் முதலில் தலைகாட்டுவது இப்படித்தான்.

சரி, பதில் சொல்லியே ஆகவேண்டுமா? கட்டாயம் இல்லை. உறவு பற்றிய கேள்விதான் எல்லாரையும் நெளிய வைக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணிடமும் கேட்கிறோம், கணவர் துபாயில் இருப்பவரிடமும், தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பாதவரின் மனைவியிடமும் கேட்கிறோம். யாருடைய நடத்தையையும் எடை போட இல்லை. கர்ப்பமா, தொற்றா என்று யோசிக்கவும், உள்வழியாக, அதாவது பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுக்கலாமா, வயிற்றின் மேல் வைத்தே பார்க்கலாமா என்று முடிவு செய்யவும்தான். விருப்பமில்லை என்றால் "சொல்ல விரும்பலை" என்று சொல்லுங்கள், அதை அப்படியே எழுதிக்கொள்வோம். பொய் சொன்னால் மருத்துவம் அந்தப் பொய்க்குத்தான் நடக்கும். கூட வந்தவரை வெளியே அனுப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, அம்மாவாக இருந்தாலும். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், உறவு இருந்தது என்று சொல்லும் பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் "வெள்ளை படுதாக்கா?" என்று கத்திக் கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்?

போன வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வெள்ளைப்படுதலுக்கு வந்தார். எல்லாம் கேட்டு, பார்த்து, மருந்துச் சீட்டும் வாங்கியாச்சு. கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பி, "மக்களே, ஒரு காரியம் கேக்கட்டா? தும்முனா இருமுனா ஒண்ணுக்கு வந்துருது. மத்தவளுவ பக்கத்துல இருக்கதுக்கே வெக்கமா இருக்கு" என்றார். நாலு வருடமாக இருக்கிறதாம். பிரசவத்தில் தளர்ந்த தசை. ஒன்றுக்குப் போவதை அடக்குவது போல இறுக்கி விடும் பயிற்சியை தினம் மூன்று வேளை, மூன்று மாதம் விடாமல் செய்யச் சொன்னோம். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை. அன்றிலிருந்து எல்லாரிடமும் நானே கேட்டு ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.